இப்னு கல்தூனும் எங்கள் இருநூறு ஆண்டுகளும்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வரத் தொடங்கியவர்களின் பிள்ளைகளாகிய நாங்கள் வாழும் இலங்கை மலையகத்தில் வரலாறு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் கண்ணீரும் பெருமிதமும்தான் மேடையேறும். காட்டு வழியில் செத்து விழுந்தவர்களைச் சொல்லி அழுவோம்; மலையை வெட்டித் தோட்டமாக்கிய கைகளைச் சொல்லி நிமிர்வோம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இது ஏன் இப்படி நடந்தது, வேறு விதமாக நடந்திருக்க முடியுமா, எங்களைச் சேர்த்துப் பிடித்தது எது, பிரித்தது எது என்று நிதானமாகக் கேட்கும் பேச்சு குறைவு. அப்படிக் கேட்க எனக்குக் கற்றுத் தந்தவர் தேயிலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர். 1332 இல் துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவருடைய சிந்தனை நூலகத்தில் விளைந்தது அல்ல. பதினாறு பதினேழு வயதில் பெருங்கொள்ளைநோய் அவருடைய தாயையும் தந்தையையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுபோனது. பிறகு வட ஆபிரிக்காவிலும் கிரனாடாவிலும் அரசவை அரசவையாகப் பணியாற்றினார். பேஸ் நகரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். தூதராக செவில் நகருக்குப் போனபோது, மூதாதையர் இழந்த சொத்தைத் திருப்பித் தருவதாக அந்நாட்டு மன்னன் சொல்லியும் மறுத்துத் திரும்பினார். அரசியல் அலுத்து, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டைக்குள் ஒதுங்கியிருந்த நாட்களில், 1377 இல், ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வை எழுதினார். உலக வரலாறு ஒன்றுக்கு அவர் எழுதிய முன்னுரை அது. அந்த வரலாற்றையே மறைத்துவிடும் அளவுக்கு வளர்ந்து நின்றது. பின்னர் கெய்ரோவில் தலைமை நீதிபதியானார். அவரிடம் வந்து சேரப் புறப்பட்ட குடும்பம் கப்பல் மூழ்கி இறந்தது. 1401 இல், முற்றுகையிடப்பட்ட டமாஸ்கஸ் நகரின் மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கி, அதை முற்றுகையிட்டிருந்த மன்னன் தைமூரைச் சந்தித்தார். 1406 இல் காலமானார். அரசுகள் எழுவதையும் விழுவதையும் கிட்ட நின்று பார்த்தவர், பல முறை தோற்ற பக்கத்தில் நின்றவர். அதனால்தான் அவருடைய எழுத்து எங்களைப் போன்றவர்களுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

அவரிடம் முதலில் கற்க வேண்டியது, கேட்ட செய்தியைச் சோதிக்கும் முறை. ஒரு செய்தியைச் சொன்னவர் நம்பத் தகுந்தவரா என்று பார்ப்பது மட்டும் போதாது என்கிறார். மனிதர் கூடி வாழும் இயல்புக்குள் அப்படி ஒன்று நடக்க வழி உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்கிறார். மோசே ஆறு இலட்சம் போர்வீரர்களை எண்ணிக் கணக்கெடுத்தார் என்ற பழைய செய்தியை எடுத்துக்கொண்டு அவர் கேட்கும் கேள்விகள் அழகானவை. அத்தனை பேர் அணிவகுத்தால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கு எந்த நாடு சோறு போடும்? எகிப்துக்குப் போன எழுபது பேர் நாலு தலைமுறைக்குள் இத்தனையாகப் பெருகுவது எப்படி? எவரையும் பொய்யர் என்று ஏசாமல், கேள்விகளை மட்டும் வரிசையாக வைத்து அந்த எண்ணிக்கையைச் சரித்துவிடுகிறார்.

இந்த முறையை எங்கள் மீது சொல்லப்பட்ட ஒரு பெரிய செய்திக்குப் பொருத்திப் பாருங்கள். ‘இவர்கள் பிழைப்புக்காக வந்துபோகிறவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்லர்.’ 1948 இல் எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அதைத் தாங்கி நின்ற வாதங்களில் இது முக்கியமானது. இதை மறுக்க நாம் வழக்கமாக உணர்ச்சியைத்தான் துணைக்கு அழைக்கிறோம். பயிரைச் சாட்சிக்கு அழைத்தாலே போதும்.

கோப்பிக் காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஓரளவு இடம் இருந்தது. கோப்பிக்கு ஆண்டில் ஓர் அறுவடைக் காலம்தான் பெரிது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பழம் பறித்தார்கள், உயிர் மிஞ்சியவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். 1869 இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிவைத்த தேயிலை மலை முழுவதும் பரவியது. தேயிலை கோப்பியைப் போல் காத்திருக்காது. இன்று கொழுந்தெடுத்த மலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி போகாவிட்டால் கொழுந்து முற்றிவிடும். தை, ஆடி என்ற பேதம் அதற்கு இல்லை. கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். செடியைக் கவ்வாத்து வெட்டவும் வடிகால் கான் வெட்டவும் ஆண்கள் வேண்டும். நாளைக்குக் கூடை சுமக்கப் பிள்ளைகள் இங்கேயே வளர வேண்டும். அதாவது குடும்பமாக, ஆண்டு முழுவதும், தலைமுறை தலைமுறையாக மலையிலேயே கிடக்கும் ஒரு சனக்கூட்டம் இல்லாமல் தேயிலைத் தொழில் நடக்கவே முடியாது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவைக் கட்டியது எதற்கு? தோட்டப் பாடசாலையைத் திறந்தது எதற்கு? போய்விடுகிறவர்களுக்காகவா? 1948 இன் வாதத்தை இப்னு கல்தூன் கேட்டிருந்தால், ‘அந்தச் செடி எத்தனை நாளுக்கொரு முறை கொழுந்து விடும்?’ என்று கேட்டே முடித்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோட்டங்களுக்கு ஆள் திரட்டி வந்த கங்காணிமார் சொன்ன கதையும் இதே சோதனையில் தோற்கும். ‘கண்டிச் சீமையில் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும்’ (மாசி என்றால் உலர்த்திய மீன்) என்ற பேச்சைப் பாட்டன்மார் நம்பி வந்தார்கள் என்று இன்றுவரை சிரித்துச் சொல்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் பிறந்து, வயலில் பாடுபட்ட ஒரு மனிதனுக்குச் செடியின் வேரில் தேங்காய் காய்க்காது என்று தெரியாதா? பஞ்சமும் கடனும் பண்ணையாரின் சாட்டையும் சாதிக் கொடுமையும் அவனைத் துரத்தின. நம்பி வந்தான் என்று சொல்வதைவிட, அங்கே இருக்க முடியாமல் வந்தான் என்று சொல்வதே மனித இயல்புக்குப் பொருந்துகிறது. முன்னோரை ஏமாளிகளாக்கும் கதையை நாமே பரப்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் அவரிடம் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் அவரை வெறும் சந்தேகக்காரர் ஆக்கிவிடுவேன். எங்கள் சிவனொளிபாத மலையில் 1344 இல் ஏறி இறங்கிய பயணி இப்னு பதூதா, ஊர் திரும்பி மொரோக்கோ அரசவையில் தான் கண்டவற்றைச் சொன்னபோது, அவன் பொய் சொல்கிறான் என்று பலர் முணுமுணுத்தார்கள். இளம் இப்னு கல்தூனுக்கும் சந்தேகம் வந்தது. அமைச்சர் ஒருவரிடம் அதைச் சொன்னார். அமைச்சர் ஒரு கதை சொல்லித் திருத்தினார். தந்தையோடு சிறையிலேயே வளர்ந்த ஒரு பையன், தான் உண்ணும் இறைச்சி ஆட்டினுடையது என்று தந்தை சொன்னதும், ‘ஆடு என்றால் எலியைப் போல இருக்குமா?’ என்று கேட்டானாம். சிறையில் அவன் கண்ட விலங்கு அது ஒன்றுதான். தான் கண்டதை வைத்தே எல்லாவற்றையும் அளக்காதே என்று இப்னு கல்தூன் தன் வாசகரை எச்சரிக்கிறார். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஆறேழு பேர் படுத்தெழும்பி, அதே இடத்தில் சமைத்து, அதே இடத்தில் பிள்ளை படித்து, அதே இடத்தில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் குடித்தனம் தொடங்குவதைச் சொன்னால், கொழும்பில் இன்றும் சிலர் மிகைப்படுத்துகிறாய் என்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது.

அவருடைய மையக் கருத்து அஸபிய்யா. ஒருவனுக்கு இடர் வந்தால் மற்றவனுக்கு வலிக்கும்படி மனிதரைக் கட்டி வைக்கும் கூட்டுணர்வு. அரசுகளை உருவாக்குவதும் மதங்களை நிலைநிறுத்துவதும் அதுவே என்கிறார். வறண்ட நிலத்தில் சேர்ந்து அலைந்து, சேர்ந்து பசித்து, ஒருவரை ஒருவர் காத்து வாழ்பவர்களிடம் அது வலிமையாக இருக்கும். நகரத்து வசதிக்குள் வந்தபின் தலைமுறை தலைமுறையாகத் தேயும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இரத்த உறவைப் பற்றி அவர் சொல்வது. வம்சாவளி என்பது பெரும்பாலும் கற்பனை. அதனால் உண்டாகும் பிணைப்புதான் உண்மையான பயன் என்கிறார். ஒன்றாக வாழ்ந்தவர்களும் அடைக்கலம் புகுந்தவர்களும் தோழமை கொண்டவர்களும் இரத்தத்தால் கட்டுண்டவர்களைப் போலவே ஆகிவிடுவார்கள் என்கிறார். பதினான்காம் நூற்றாண்டில், குலப்பெருமை பேசிய ஒரு சமூகத்தில் இருந்துகொண்டு இதை எழுதத் துணிவு வேண்டும்.

தோட்டத்தில் ஒரு சாவு விழும்போது இந்தக் கருத்து எனக்குக் கண்முன் தெரியும். தப்புச் சத்தம் கேட்டதும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பவர்கள் அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் திரும்புவார்கள். ஒரு லயத்தில் அடுப்புக் கல் வைத்து எல்லாருக்கும் சோறு வடிப்பார்கள். நாலு இளைஞர் மண்வெட்டியோடு குழி வெட்டப் போவார்கள். மழைக்காலத்தில் அந்த மண் வழுக்கும், குழிக்குள் நீர் ஊறும், ஒருவர் வாளியால் இறைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். யாரும் யாரையும் ஏவுவதில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்த காசை ஒரு கொப்பியில் எழுதி, செத்தவரின் மூத்த மகன் கையில் கொடுப்பார்கள். இந்த மனிதர்களின் பாட்டன்மார் வேறு வேறு ஊர்க்காரர்கள். கங்காணி திரட்டிக்கொண்டு வந்த இடத்தில், ஒரே லயத்தில் குடிவைக்கப்பட்டதால் உறவானவர்கள். மாமா, சித்தப்பா, அத்தை என்று முறை வைத்துக் கூப்பிடும் பலருக்கு அவர்களோடு இரத்த உறவு கிடையாது.

அதே தோட்டத்தில் சாதி பார்த்து லயம் பிரித்ததும் உண்டு. பீலியில் தண்ணீர் பிடிப்பதில், கோயில் திருவிழாவில் யார் எந்த வேலை செய்வது என்பதில், கல்யாணத்தில் அது தலைநீட்டியது, இன்றும் நீட்டுகிறது. பெரிய கங்காணி தன் ஊராரையும் சாதியாரையும் அருகில் வைத்துக்கொண்டு மற்றவர்களை வேலை வாங்கினான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அது வசதியாக இருந்தது. வம்சாவளி கற்பனை என்ற அந்த ஒரு வரியை எங்கள் ஒவ்வொரு கோயில் வாசலிலும் எழுதி வைக்கத் தோன்றும்.

இந்தக் கூட்டுணர்வு அரசியல் பலமாக மாறியது ஒரே நாளில் அல்ல. 1920களிலும் 30களிலும் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டம் தோட்டமாக அலைந்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் நடுவே பாடல்களைப் பாடி அவர்களைத் திரட்டினார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தமிழரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வெற்றி தேடித் தந்தது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமை பறிபோனது. 1949 இல் வாக்குரிமையும் போனது. இதை இனத்துவேசம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. சேர்ந்து நின்றால் நாடாளுமன்றத்தின் கணக்கையே மாற்றக்கூடிய ஒரு கூட்டத்தைக் கண்டு ஆட்சி அஞ்சியது. அஸபிய்யா வளர்வதைப் பார்த்த அதிகாரம் அதன் வேரில் கைவைத்தது. இப்னு கல்தூன் விவரிக்கும் அரசர்களும் இதைத்தான் செய்தார்கள்: தங்களுக்குப் போட்டியாக ஒன்றுபட்டு நிற்கும் எதையும் உடைத்தார்கள்.

உடைத்தது அத்துடன் நிற்கவில்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பாயியின் தம்பி குடும்பம் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போனது. அங்கேயும் தேயிலைதான். அப்பாயிக்கு அதன் பிறகு தம்பியைப் பார்க்கும் கொடுப்பினை இல்லை. முதலில் அடிக்கடி வந்த கடிதங்கள் பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வந்தன, பிறகு நின்றுவிட்டன. ஓர் ஒப்பந்தம் மனிதரை மட்டும் பிரிப்பதில்லை. ஒரு சாவு வீட்டில் நிற்க வேண்டிய ஆளையும் பிரித்துவிடுகிறது.

இங்கே நான் இப்னு கல்தூனோடு முரண்படும் இடம் வருகிறது. இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் பாலையில் அலைந்ததற்கு அவர் ஒரு விளக்கம் தருகிறார். எகிப்தில் அடிமைப்பட்டுக் கூனிப்போன தலைமுறை செத்து மறைந்து, அடிமைத்தனம் அறியாத புதிய தலைமுறை எழுவதற்கு அத்தனை காலம் தேவைப்பட்டது. அடங்கிப் பழகியவர்களிடம் கூட்டுணர்வு மீளாது என்கிறார். எங்கள் கணக்கும் நாற்பதில் வந்து நிற்பது விந்தைதான். 1948 இல் பறித்த பிரஜாவுரிமையை, எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழங்கும் சட்டம் 1988 இல் வந்தது. விடுபட்டவர்களுக்காக 2003 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஆனால் கூனிப்போன தலைமுறை என்று அவர் ஒதுக்குவது எங்கள் விடயத்தில் பொருந்தாது. கடனை அடைத்தால்தான் ஆளை விடுவிக்கும் துண்டுச் சீட்டு முறையிலும் கடனிலும் சிக்கியவர்களின் பிள்ளைகள்தான் முல்லோயாவில் நின்றார்கள். வாக்கு இழந்தவர்கள்தான் 1952 இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் எழுந்த கூட்டத்தில் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணன், நாடு எது என்ற கேள்வி இன்னும் தீராத ஒரு சமூகத்தின் பிள்ளை. தாழ்ந்துகிடந்தவர்கள் எழும்ப மாட்டார்கள் என்பது மேலிருந்து பார்ப்பவரின் கணிப்பு. இப்னு கல்தூன் சுல்தான்களின் அருகில் இருந்தே அதிகமாகப் பார்த்தவர்.

ஆனால் கொடுமை மனிதரை என்ன செய்யும் என்பதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. மாணவரையோ அடிமையையோ வேலையாளையோ கடுமையால் வளர்த்தால் அவர்களுடைய மனம் சுருங்கும், ஊக்கம் போகும், தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழகும், கடைசியில் அதுவே குணமாகிவிடும் என்று எழுதியிருக்கிறார். தோட்டத்துச் சனம் சோம்பேறிகள், கள்ளப் பேர் போடுகிறவர்கள், குடிகாரர்கள் என்று நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கிறோம். அந்தக் குணம் எங்கே உண்டானது என்று கேட்டவர் எத்தனை பேர்?

உழைப்பைப் பற்றியும் அவர் தெளிவாக இருக்கிறார். மனிதனுடைய வருவாய் அவனுடைய உழைப்பின் மதிப்புதான். கூலியில்லாமல் வேலை வாங்குவது அவனுடைய முதலையே பறிப்பது. நாட்டைக் கெடுக்கும் மிகப் பெரிய அநியாயங்களில் அது ஒன்று என்கிறார். இதை வாசித்த அன்று எனக்குக் கொழுந்தை நிறுக்கும் மடுவம்தான் கண்ணுக்குள் வந்தது. அம்மா வரிசையில் நிற்பார். சாக்கைத் தராசில் கொளுவியதும் முள் ஒரு இலக்கத்தில் ஆடி நிற்கும். கணக்கப்பிள்ளை எழுதுவது வேறு இலக்கமாக இருக்கும். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு மூன்று கிலோ கழியும். மழை பெய்யாத நாளிலும் ஈரத்துக்குக் கழியும். சொன்ன கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. வரிசையில் நிற்கும் பெண்கள் யாரும் முள்ளைப் பார்க்காமல் இருப்பதில்லை. பார்த்ததைச் சொல்லவும் மாட்டார்கள். அந்தக் கழிவுக் கொழுந்தும் தொழிற்சாலைக்குத்தான் போகும், அதுவும் தூளாகித்தான் விற்கும். ஒரு நாளைக்கு இரண்டு கிலோ சிறிய விடயமாகத் தெரியலாம். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பெண்ணுக்கும், எத்தனையோ ஆண்டுகள் என்று பெருக்கிப் பாருங்கள்.

அநியாயம் நாட்டைப் பாழாக்கும் என்பதற்கு அவர் எடுத்துச் சொல்லும் ஆந்தைக் கதை பழைய பாரசீகத்துக் கதை. ஓர் ஆந்தை பெண் கேட்கிறது. இருபது பாழடைந்த ஊர்களைச் சீராகக் கொடுத்தால் சம்மதம் என்கிறது பெண் ஆந்தை. இந்த அரசனுடைய ஆட்சி இப்படியே நீடித்தால் உனக்கு ஆயிரம் ஊர்கள் தருகிறேன் என்கிறது ஆண் ஆந்தை. பாடுபட்டவர்களின் நிலத்தைப் பறித்துத் தன் பரிவாரத்துக்குக் கொடுத்த அரசனுக்கு மதகுரு சொன்ன கதை அது. நிலம் பாழானால் வரி போகும், வரி போனால் படை போகும், படை போனால் அரசு போகும் என்று சங்கிலியாகக் காட்டுகிறார். இன்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் நடந்து பாருங்கள். மட்டமாக வெட்டிய பச்சை மலைகளுக்கு நடுவே, கவ்வாத்து இல்லாமல் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலையும் அதற்குள் ஏறிய மானாப் புல்லும் தெரியும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் சிறுத்தைக்கு அஞ்சிக் குரல் கொடுத்துக்கொண்டே மலையேறுகிறார்கள். அரசுடைமையாக்கினார்கள், 1992 இல் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்கள், 2021 இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாவதற்குள் எத்தனை போராட்டம், 2024 இல் அது 1,350 ரூபாவாவதற்குள் எத்தனை வழக்கு. வேலை செய்பவருக்கு நிலத்தில் பங்கு தரும் யோசனையை மட்டும் எல்லோரும் கடைசி வரைக்கும் தள்ளிவைத்தார்கள். ஆள் போய்க்கொண்டே இருக்கிறது, காடு வந்துகொண்டே இருக்கிறது.

இடையில் ஒன்று. இப்னு கல்தூனின் பெயரை மேற்கில் அரசியல்வாதிகளும் எடுத்தாண்டிருக்கிறார்கள். அரசு தொடங்கும்போது சிறு வரியில் பெருவருவாய் வரும், முடியும்போது பெருவரியில் சிறுவருவாய் வரும் என்று அவர் சொன்னதை 1981 இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் வரிக்குறைப்புக்கு ஆதரவாகச் சொன்னார். இலங்கையில் 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் சரிந்தது, 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. ஆள்பவரின் ஆடம்பரத்தையும் அநியாயத்தையும் பற்றி எழுதியவரிடமிருந்து வரிவீதத்தை மட்டும் உருவி எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

தலைமுறைகளைப் பற்றி அவர் சொன்னது தொழிற்சங்கக்காரர்களுக்குக் கசக்கும். ஒரு வீட்டின் மதிப்பு நாலு தலைமுறைக்குள் முடிந்துவிடும் என்கிறார். முதலாமவர் பாடுபட்டு அதை உண்டாக்குகிறார். இரண்டாமவர் அந்தப் பாட்டைக் கூட இருந்து பார்த்தவர். மூன்றாமவர் பார்த்ததில்லை, வழக்கத்தைப் பின்பற்றுகிறார். நாலாமவர் அந்த மதிப்பு தன் பிறப்பிலேயே வந்தது என்று நினைத்து, அதை உண்டாக்கிக் காத்த மனிதரை மதிக்காமல் இழந்துவிடுகிறார். மலையகத்துச் சங்கங்கள் பலவற்றில் தலைமை பிள்ளைக்கும் பேரனுக்கும் மருமகனுக்கும் போவதைப் பார்த்திருக்கிறோம். சந்தா மாதாமாதம் சம்பளத்திலேயே கழிந்துவிடுவதால், அதை வாங்கத் தலைவர் லயத்துக்கு வர வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. முன்பு சந்தா சேர்க்க வீடு வீடாகப் போன தோட்டத் தலைவர், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும் தெரிந்துகொண்டுதான் திரும்புவார். அந்த நடை நின்ற இடத்தில் கூட்டுணர்வு தேயத் தொடங்கியது என்பது என் கருத்து.

அவருடைய குறைகளையும் மூடிவைக்க மாட்டேன். தெற்கே வெப்ப நாடுகளில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியவை இழிவானவை. தட்பவெப்பம் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற பழைய நம்பிக்கையை அவர் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டார். மோசேயின் படைக்குப் போட்ட கேள்விகளை இதற்கும் போட்டிருந்தால் அது ஒரு பக்கம்கூடத் தாங்கியிருக்காது. பெண்களும் அவருடைய வரலாற்றில் அநேகமாக இல்லை. தேயிலையோ பெண்ணின் விரலில் நிற்கும் தொழில். ஆனாலும் சங்க மேடையில் நாற்காலி ஆண்களுக்கு. இந்த இடத்தில் அவரும் எங்கள் தலைவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இனி நடப்பது என்ன? லயம் காலியாகிறது. பிள்ளைகள் கொழும்பில் புடவைக் கடையிலும் ஹோட்டலிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள். பெண்கள் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் தாதியராகவும் பரவிவிட்டார்கள். தோற்றவர்கள் வென்றவரின் உடையையும் நடையையும் பின்பற்றுவார்கள் என்று முகத்திமாவில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. 1946 குடிசனமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ 11.7 சதவீதம்; 2012 இல் 4.1 சதவீதம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களால் மட்டும் வந்த இறக்கம் இது இல்லை. தோட்டத்துப் பேரைச் சொன்னால் கிடைக்கும் பார்வைக்கு அஞ்சி, ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தவர்களும் உண்டு. உரிமையோடு அப்படிப் பதிந்தவர்களும் உண்டு. நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் லயம் போகட்டும் என்று நாம் கேட்பது நியாயம் என்றால், லயத்தில் விளைந்த ஒட்டுறவை எதன்மேல் நிறுத்தப் போகிறோம் என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு வேண்டும். அதன் உறுதி வீட்டுப் பெண்ணின் பேரில் வேண்டும். அந்தத் தனி வீடுகள் ஒரு கிராமமாக நிற்க, ஊராட்சியும் கூட்டுறவும் எங்கள் கையில் வேண்டும். சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லாமல் சேர்ந்திருப்பது நடக்காது. இதை அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

2023 இல், வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அந்த வழியை இப்னு கல்தூனின் கண்ணால் இன்னும் ஆராயவில்லை என்பது என் ஆதங்கம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடந்திருக்க முடியும், எந்தக் குளத்தில் எந்த மாதம் தண்ணீர் இருந்தது, கங்காணி கையிலிருந்த அரிசி எத்தனை பேருக்கு எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டால், செத்தவர்களைப் பற்றி இன்று சொல்லப்படும் பல எண்களில் எது நிற்கும், எது விழும் என்று தெரிய வரும். அதற்குக் காகிதம் வேண்டும். ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். துண்டு, பற்றுச்சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகல், நிராகரித்து வந்த கடிதம், சங்க அட்டை, கூடலூரிலிருந்தோ கொத்தகிரியிலிருந்தோ வந்த தபால், சாவு வீட்டுக் காசுக் கொப்பி, எதையும் எறியாதீர்கள். படம் எடுத்து, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யாருடையது என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள். என்ன துயரப்பட்டீர்கள் என்று கேட்பதோடு, ஒரு நாளைக்கு எத்தனை றாத்தல் எடுத்தீர்கள், அரிசிக்கு எவ்வளவு கழித்தார்கள், மடுவத்தில் யார் நிறுத்தார் என்றும் கேளுங்கள்.